தொகுதி எம்.எல்.ஏ.வைப் பற்றி ஆவணங்களைக் கொண்டு ஒரு குறிப்பேடு தயாரிப்பது எப்படி

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றி அவருடைய தொகுதி மக்களுக்குத் தெரிந்திருப்பவை பெரும்பாலும் சுவரொட்டியில் படித்தவையாகவோ, டீக்கடையில் கேட்டவையாகவோ, கல்யாண வீட்டில் நேரில் பார்த்தவையாகவோ இருக்கும். அவருடைய படிப்பு என்ன, தொழில் என்ன, எத்தனை முறை எந்தெந்தச் சின்னத்தில் நின்றார், பேரவையில் எதைப் பற்றிக் கேட்டார், தொகுதி நிதியை எதற்குக் கொடுத்தார் என்று கேட்டால் அவருடைய கட்சிக்காரர் ஒரு பதிலும் எதிர்க்கட்சிக்காரர் வேறொரு பதிலும் சொல்வார்கள். இந்தக் கேள்விகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அரசு ஆவணங்களில் எழுத்து வடிவில் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் எதற்கும் பொருந்தும் வகையில், ஓர் உறுப்பினரைப் பற்றிப் பத்துப் பக்க அளவில் நம்பகமான குறிப்பேடு ஒன்றைத் தொகுக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்காக இத்தகைய குறிப்பேடுகளைத் தொகுத்தபோது செய்த தவறுகளிலிருந்து கற்றவையும் இதில் உண்டு.

பிரமாணப் பத்திரம்

வேட்புமனுவுடன் ஒவ்வொரு வேட்பாளரும் இணைக்க வேண்டிய படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கத்தின் வழக்கில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அந்தத் தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்யும் வகையில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 33பி பிரிவை 2003 மார்ச் 13 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்ததும் சேர்ந்துதான் வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகிய விவரங்களை நம் கைக்குக் கொண்டுவந்தன. ஆகவே தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பொதுத்தேர்தல்களைப் பொறுத்தவரை 2006ஆம் ஆண்டிலிருந்துதான் இந்தப் பத்திரங்கள் கிடைக்கும். அதற்கு முன்பே பேரவைக்குச் சென்ற மூத்தவர்களுக்கு, பேரவைச் செயலகம் வெளியிடும் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பு நூலையும் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளையும் நாட வேண்டும். முதலாவதில் இருப்பது உறுப்பினர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக் கொடுத்தது என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திர இணையதளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் மனு செய்தவர்களின் பட்டியல் வரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே வேட்பாளர் ஒரு தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை தாக்கல் செய்யலாம். அவருக்கு மாற்று வேட்பாளராக அவருடைய மனைவியோ மகனோ கட்சிக்காரர் ஒருவரோ மனு செய்திருப்பார். போதாக்குறைக்கு, வாக்கைப் பிரிப்பதற்காக அதே பெயரில் சுயேச்சைகள் சிலரும் இருப்பார்கள். முதல் குறிப்பேட்டைத் தயாரித்தபோது, பெயரையும் தொகுதியையும் பார்த்த அவசரத்தில் நான் ஒரு சுயேச்சையின் சொத்துப் பட்டியலை உறுப்பினருடையது என்று எடுத்தெழுதிவிட்டேன். அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் நண்பர் ஒருவர் தந்தை பெயர் வேறாக இருப்பதைச் சுட்டிக்காட்டியதால் தப்பித்தோம். அன்றிலிருந்து தந்தை அல்லது கணவர் பெயர், வயது, புகைப்படம், கட்சி ஆகிய நான்கும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த பக்கத்தைத் திருப்புவது வழக்கமாகிவிட்டது.

பத்திரத்தின் தொடக்கத்தில், வேட்பாளர் எந்தத் தொகுதியின் வாக்காளர், அவர் பெயர் பட்டியலின் எந்தப் பாகத்தில் எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்ற வரி வரும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சட்டமன்றத் தேர்தலில் நிற்பதற்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். போட்டியிடும் தொகுதியிலேயே வாக்கு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "மண்ணின் மைந்தர்" என்று பிரசாரத்தில் முழங்கியவருக்கு வேறு மாவட்டத்தில் வாக்கு இருப்பதை இந்த ஒரே வரி காட்டிவிடும். அதனால் அவர் மோசமான உறுப்பினர் என்று ஆகிவிடாது. பின்னணி என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டிய ஒரு தகவல், அவ்வளவுதான்.

சொத்துப் பகுதிக்கு நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டும். வேட்பாளர், வாழ்க்கைத் துணை, இந்து கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ரொக்கம், வங்கி இருப்பு, பங்குகள், காப்பீடு, பிறருக்குக் கொடுத்த கடன், வாகனம், நகை ஆகியவை அசையும் சொத்திலும், விவசாய நிலம், மனை, வணிகக் கட்டடம், வீடு ஆகியவை சர்வே எண்ணுடன் அசையாச் சொத்திலும் வரும். தாமே வாங்கியது எது, பூர்விகமாக வந்தது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாங்கிய நாள், வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை ஒப்பிடும்போது கூட்டுத் தொகையை விட்டுவிட்டு வரி வரியாகப் பொருத்திப் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன்: முதல் பத்திரத்தில் 5 ஏக்கர் நிலம் 40 லட்சம் ரூபாய் என்றும், ஐந்தாண்டு கழித்து அதே சர்வே எண்ணில் அதே 5 ஏக்கர் 1 கோடி ரூபாய் என்றும் எழுதப்பட்டிருந்தால், அங்கே ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாக வாங்கப்படவில்லை, நான்குவழிச் சாலை பக்கத்தில் வந்ததால் மதிப்பு ஏறியிருக்கலாம். "சொத்து இரண்டரை மடங்கு உயர்வு" என்ற தலைப்பு கணக்குப்படி சரிதான், ஆனால் வாசகரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும். மாறாக, முந்தைய பத்திரத்தில் இல்லாத சர்வே எண் ஒன்று புதிய பத்திரத்தில் முளைத்திருந்தால், வாங்கிய நாளையும் விலையையும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டுகளில் அவர் காட்டிய வருமானத்தோடு ஒப்பிடுவது நியாயமான கேள்வி.

வருமானக் கட்டமும் எல்லா ஆண்டுகளிலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. வேட்பாளர், துணைவர், சார்ந்திருப்போர் ஆகியோரின் வருமானம் எந்த வழியில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் கூறியது. கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்குகளைக் காட்ட வேண்டும் என்ற மாற்றம் 2019 பிப்ரவரியில் வந்தது. எனவே 2016ஆம் ஆண்டின் பத்திரத்தில் ஒரே ஒரு ஆண்டின் வருமானமும் 2021ஆம் ஆண்டின் பத்திரத்தில் ஐந்து ஆண்டுகளின் வருமானமும் இருந்தால், அவர் முன்பு எதையோ மறைத்தார் என்று பொருள்கொள்ளக் கூடாது. அதேபோல, திருமணமாகித் தனியே சம்பாதிக்கும் மகனும் மகளும் சார்ந்திருப்போர் ஆகமாட்டார்கள் என்பதால் அவர்களுடைய சொத்து இங்கே வராது. ஊரில் எல்லோரும் கைகாட்டும் கல்லூரியோ கல் குவாரியோ பத்திரத்தில் இல்லாததற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

வழக்குகளைப் படிக்கும் முறை

குறிப்பேட்டில் அதிகக் கவனத்தோடு எழுத வேண்டிய பகுதி இது. "இவர் மீது 14 வழக்குகள்" என்று ஒற்றை எண்ணைப் போடுவது எந்த உறுப்பினருக்கும் நியாயம் செய்யாது. சாலை மறியலில் உட்கார்ந்தவர், அனுமதியின்றிக் கூட்டம் நடத்தியவர், தேர்தல் விதிகளை மீறிச் சுவரில் எழுதியவர் ஆகியோர் மீதும் வழக்குகள் பதிவாகின்றன. இடதுசாரிகளும் சிறு கட்சிக்காரர்களும் தொழிற்சங்கத்தினரும் பத்திரத்தில் நீண்ட பட்டியல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஒவ்வொரு வழக்குக்கும் முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு, வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, குற்றச்சாட்டு வனையப்பட்டதா (அதாவது நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்ததா), எப்போது என்ற விவரங்களைப் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143 என்பது சட்டவிரோதமாகக் கூடுதல், 188 என்பது அரசு ஊழியரின் உத்தரவை மீறுதல், 341 என்பது ஒருவரை வழிமறித்தல். இவை போராட்டக்காரர்களின் வழக்கமான பிரிவுகள். 307 கொலை முயற்சி, 420 மோசடி. இவற்றையும் மேற்சொன்னவற்றையும் ஒரே கூட்டுத் தொகையில் போட முடியாது. ஊழல் தடுப்புச் சட்ட வழக்குகளையும் தனியே பிரித்து எழுத வேண்டும். இதற்கு மேல் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டதால் எண்களே மாறிவிட்டன: சட்டவிரோதக் கூடல் 189, உத்தரவை மீறல் 223, வழிமறித்தல் 126, கொலை 103, கொலை முயற்சி 109, மோசடி 318. ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், புதிய சட்டத்தில் 143 என்பது ஆள்கடத்தி விற்பதைக் குறிக்கும். பழைய சட்டத்தில் கொலைக்குரிய 302 என்ற எண், புதிய சட்டத்தில் மத உணர்வைப் புண்படுத்தும் சொற்களைப் பேசுவதைக் குறிக்கும். எந்தச் சட்டத்தின் பிரிவு என்பதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால், மறியலில் கலந்துகொண்டவரை ஆள்கடத்தல்காரர் ஆக்கிவிடுவோம். அது அவதூறு வழக்கில்தான் போய் முடியும்.

பத்திரம் தாக்கல் செய்யப்பட்ட நாளோடு வழக்கு நின்றுவிடுவதில்லை. மின்-நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து இன்றைய நிலையைப் பாருங்கள். முக்கியமான பல வழக்குகள் சென்னையில் உள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் இருக்கக்கூடும். விடுதலை ஆகியிருந்தால் அதை வழக்கு எழுதிய அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் குறிப்பிட வேண்டும். இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெறுபவர் பதவியை இழப்பார். மேல்முறையீடு செய்துவிட்டால் பதவி தப்பும் என்றிருந்த வழியை லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினராக இருந்த முதலமைச்சர் ஜெயலலிதா பதவி இழந்ததும், மேல்முறையீட்டில் விடுதலையாகி 2015இல் மீண்டும் முதலமைச்சர் ஆனதும் இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்.

நிலுவை வழக்கு உள்ளவரை வேட்பாளராக்கினால், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி காரணம் வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பு இருப்பதை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது என்றும் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அறிவிப்பையும் தேடி எடுத்து, கட்சி சொன்ன காரணத்தை அதன் சொற்களிலேயே குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள். நான் பார்த்தவரை அவை சம்பிரதாய வாசகங்களே. என்றாலும் வாசகர் தாமே படித்துத் தீர்மானிக்கட்டும்.

வாக்கும் செலவும்

தேர்தல் வரலாற்றுக்கு வெற்றி வித்தியாசம் மட்டும் போதாது. 2021இல் சென்னை தியாகராய நகரில் 137 வாக்குகளிலும், மொடக்குறிச்சியில் 281 வாக்குகளிலும், தென்காசியில் 370 வாக்குகளிலும் வெற்றி தீர்மானமானது. அதே தேர்தலில் திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் வித்தியாசம் 1,35,571. பேரவைக்குள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலிதான் என்றாலும், 137 வாக்கில் வென்றவரும் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வென்றவரும் தொகுதிக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில், வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் கிடைத்த வாக்குகள் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அதைப் பெறலாம். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய தெருக்களின் பெயர்கள் அச்சாகியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த ஊராட்சி கைகொடுத்தது, எந்த வார்டு கைவிட்டது என்பது தெரிந்துவிடும். பிறகு தொகுதி நிதிப் பகுதிக்கு வரும்போது இந்தத் தாள் மறுபடி தேவைப்படும் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் இரண்டு தேர்தல்களைச் சாவடிக்குச் சாவடி ஒப்பிடுவதற்கு முன் எச்சரிக்கை தேவை: 2021இல் கொரோனா காரணமாக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்ற கணக்கில் பிரித்ததால் ஏராளமான துணைச் சாவடிகள் உருவாயின. அதைப் போலவே, 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் புரசைவாக்கம் போன்ற தொகுதிகள் மறைந்து கொளத்தூர், வேளச்சேரி போன்றவை பிறந்தன. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லைகள் மாறின என்பதால் 2006ஆம் ஆண்டின் வாக்கையும் 2011ஆம் ஆண்டின் வாக்கையும் கழித்துப் பார்ப்பதில் பொருள் இல்லை.

செலவுக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அதை யாரும் சிறு கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான உச்சவரம்பு 2020 அக்டோபரில் 28 லட்சத்திலிருந்து 30.8 லட்சமாகவும், 2022 ஜனவரியில் 40 லட்சமாகவும் உயர்ந்தது. கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது என்பதையும், நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது என்பதையும் அடிக்குறிப்பாகப் போட வேண்டும். இரவில் கவரில் வந்து சேரும் பணம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது என்பது ஊரறிந்த விஷயம்; பணப் பட்டுவாடா காரணமாக 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரண்டு தொகுதிகளின் தேர்தலையும் ஆணையம் ரத்து செய்து, நவம்பரில் மறுபடி நடத்தியது. அத்தகைய உத்தரவு உங்கள் தொகுதிக்கு உண்டு என்றால் எழுதுங்கள், வதந்தி மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். முடிவை எதிர்த்து 45 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு தொடரப்பட்டதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். 2016இல் 49 வாக்கில் தீர்மானமான ராதாபுரம் முடிவு அப்படித்தான் நீதிமன்றத்துக்குச் சென்று, 2019இல் தபால் வாக்குகளை மறுபடி எண்ணும் உத்தரவு வரை போனது.

பேரவையில் எதைக் கேட்டார்

ஓர் உறுப்பினருக்கு எது முக்கியம் என்பதை அவர் வாக்களித்த விதத்தைக் கொண்டு அறிய முயல்வது நம் ஊரில் பயன் தராது. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். அதோடு பெரும்பாலான சட்டமுன்வடிவுகள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால் யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்ற பெயர்ப் பதிவே இருக்காது. 2017 பிப்ரவரி 18 அன்று 122க்கு 11 என்ற கணக்கில் முடிந்த நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவை விதிவிலக்குகள். ஆகவே வினாக்கள், உரைகள், குழுப் பணிகள் ஆகிய மூன்றையும்தான் தேட வேண்டியிருக்கிறது.

பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் சென்னை மாகாணக் காலத்துத் தொகுதிகள் வரை மின்வடிவில் கிடைக்கின்றன. ஓர் உறுப்பினரின் முன்னுரிமையை இந்த ஏடுகளிலிருந்து கண்டறிய முடியும் என்பதற்கு, சென்னை மாகாணச் சட்டசபையில் 1927 முதல் 1930 வரை உறுப்பினராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பதிவுகளைப் படித்துப் பார்க்கலாம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். காந்தியின் கைதைக் கண்டித்து 1930இல் பதவி விலகினார். அவர் கேட்ட சட்டம் 1947இல்தான் முழு வடிவில் வந்தது. அவர் எதற்காக அங்கே போனார் என்பதைச் சொல்ல ஒரு சுவரொட்டிகூடத் தேவைப்படவில்லை.

இன்றைய ஏடுகளுக்கு வருவோம். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார்; அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகள் எழும். ஓர் ஊரின் பேருந்து நிலையம் பற்றி ஓர் உறுப்பினர் கேட்ட வினாவுக்கு அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும், வேறு நான்கு பேர் எழுந்து தத்தம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்பது நாள்தோறும் நடப்பது. உங்கள் உறுப்பினரின் பெயரைத் தேடும்போது முதன்மை வினாவையும் இந்தத் துணைக் கேள்வியையும் பிரித்து எழுதுங்கள்: முன்னது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது, பின்னது வாய்ப்புக் கிடைத்தபோது கேட்டது. பதிலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அரசின் பரிசீலனையில் உள்ளது", "நிதிநிலைக்கு ஏற்ப ஆவன செய்யப்படும்", "வினா எழவில்லை" ஆகிய வாசகங்களில் ஒன்றோடு முடிந்த கேள்வியை அதே உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி எழுப்பினாரா என்று பாருங்கள். ஒரே தடுப்பணையைப் பற்றி மூன்று ஆண்டுகளில் நான்கு முறை கேட்டவருக்கு அந்தத் தடுப்பணை உண்மையாகவே வேண்டியிருக்கிறது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதன் அறிக்கைகள் இந்த இடத்தில் பெரிதும் உதவும்.

ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்குவதைப் பற்றி நடக்கும் மானியக் கோரிக்கை விவாதங்களில் பேசும் உரைகள் நீளமானவை. தலைமைக்கு நன்றி, முன்னோர்களுக்கு வணக்கம், ஒரு குறள், எதிர்வரிசைக்கு ஓர் இடி என்று பத்து நிமிடங்களில் ஏழு நிமிடங்கள் போய்விடும். பேரவைத் தலைவர் மணியடித்து "முடியுங்கள்" என்று சொன்ன பிறகுதான் "எனது தொகுதியில்" என்று தொடங்கும் கோரிக்கைகள் மூச்சுவிடாமல் வரும். குறிப்பேட்டுக்கு வேண்டியது அந்தக் கடைசி மூன்று நிமிடங்களே. கோரிக்கைகளைச் சாலை, குடிநீர், பாசனம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து, பட்டா என்று வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் தொகுதிக்கு உரியதா மாநிலம் முழுவதற்கும் உரியதா என்றும் குறித்துவையுங்கள். ஐம்பது அறுபது பதிவுகள் சேர்ந்ததும் அவருடைய நாட்டம் எந்தப் பக்கம் என்பது தானாகத் தெரியும்.

வினாக்களின் எண்ணிக்கையை மதிப்பெண் போலப் போட வேண்டாம். அமைச்சர்களும் பேரவைத் தலைவரும் வினா கேட்க மாட்டார்கள். அமைச்சரின் குறிப்பேட்டில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும், அவர் காலத்து அரசாணைகளும், அவர் கொண்டுவந்த சட்டமுன்வடிவுகளும் இந்தப் பகுதியை நிரப்ப வேண்டும். பொதுக் கணக்குக் குழுவிலோ மனுக்கள் குழுவிலோ இருந்தவரின் உழைப்பு அவையில் கேட்காது, குழு அறிக்கையில்தான் இருக்கும்.

முன்னுரிமையைச் சோதிக்க இன்னொரு நல்ல ஆவணம் இருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்துக்காக, கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களும் தத்தம் தொகுதியில் நீண்ட நாள் நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும்படி முதலமைச்சர் கடிதம் எழுதினார். நூறு கேட்கலாம் என்றால் யாரும் நூறும் கேட்டுவிடுவார்கள். பத்துதான் என்னும்போது எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பது பேசும். 2021ஆம் ஆண்டின் பேரவையில் இருந்தவர் என்றால் அந்தப் பட்டியலை எப்படியாவது பெற்று, அவருடைய தேர்தல் நேர வாக்குறுதித் துண்டறிக்கையையும் பேரவை உரைகளையும் பக்கத்தில் வைத்து மூன்றையும் ஒப்பிடுங்கள். வாக்குறுதியில் முதலிடத்தில் இருந்த அரசுக் கல்லூரி, பத்திலும் இல்லை, பேரவைக் குறிப்பிலும் இல்லை என்றால் அதை எந்த விமர்சனச் சொல்லும் சேர்க்காமல் எழுதினாலே போதும்.

தொகுதி மேம்பாட்டு நிதி

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. 2019-20 வரை அது 2.5 கோடியாக இருந்து உயர்ந்தது. பணம் உறுப்பினர் கைக்கு வருவதில்லை. அவர் பணிகளைப் பரிந்துரைப்பார். மதிப்பீடு தயாரித்து நிர்வாக ஒப்புதல் தருவதும் வேலையைச் செய்வதும் மாவட்ட நிர்வாகம். தாமதத்துக்கு யார் காரணம் என்று எழுதும்போது இந்தப் பிரிவினை நினைவில் இருக்கட்டும்.

பணிப் பட்டியலைப் பெறுவதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பலாம். கேள்வியை அகலமாகக் கேட்டால் "தகவல் தொகுக்கப்படவில்லை" என்ற பதில்தான் வரும். நான் பயன்படுத்தும் வாசகம் இதுதான்: "…சட்டமன்றத் தொகுதியில் 2021-22 முதல் 2024-25 வரையிலான நிதியாண்டுகளில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒப்புதல் அளிக்கப்பட்ட ஒவ்வொரு பணிக்கும் பணியின் பெயர், ஊராட்சி அல்லது வார்டு, மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக ஒப்புதல் அளித்த நாள், பணி முடிந்த நாள், செலவான தொகை ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டின் நகலை வழங்கவும்." பதிவேட்டின் நகல் என்று கேட்பதால் புதிதாகத் தொகுக்க வேண்டிய வேலை அலுவலகத்துக்கு இல்லை. 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். சில இடங்களில் முதல் மனுவுக்குப் பதிலே வருவதில்லை; எனக்கு ஒருமுறை மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்த உறையில் வேறு தொகுதியின் பட்டியல் இருந்தது. பொறுமையாகத் திருப்பி எழுதிச் சரியானதை வாங்கினேன்.

பட்டியல் வந்ததும் படிவம் 20ஐ எடுத்து, பணிகள் நடந்த ஊராட்சிகளையும் வாக்குக் கிடைத்த ஊராட்சிகளையும் பொருத்திப் பாருங்கள். பிறகு நான்கைந்து பணிகளையாவது நேரில் சென்று பார்க்க வேண்டும். காகிதத்தில் "பயணிகள் நிழற்குடை" என்று இருப்பது, போய்ப் பார்த்தால் பேருந்தே நிற்காத வளைவில் உறுப்பினரின் பெயர் பெரிதாக எழுதிய தகரக் கூரையாக இருக்கும். "சமுதாயக் கூடம் பழுதுபார்ப்பு" என்று சாதாரணமாக எழுதப்பட்ட வேலை, கிராமத்தில் அத்தனை கல்யாணங்களுக்கும் உதவும் கட்டடமாக இருக்கும். இரண்டையும் நான் ஒரே ஒன்றியத்தில், ஒரே நாளில் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடைக் கட்டடம், மேல்நிலைத் தொட்டி, உயர்கோபுர மின்விளக்கு, பேவர் பிளாக் சாலை ஆகியவற்றின் எண்ணிக்கையை ஆண்டு வாரியாகப் பிரித்தால், கடைசி ஆண்டில் வேகம் கூடுகிறதா என்பதும் தெரியும்.

எழுதி முடித்து வெளியிடும்போது

பிரமாணப் பத்திரம் பொது ஆவணமாக இருந்தாலும், வீட்டு முகவரி, கைபேசி எண், வருமான வரியின் நிரந்தரக் கணக்கு எண் (பான்), பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் சேர்க்கத் தேவையில்லை. சாதியைப் பற்றி எழுதுவதில் என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டில் 44 தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கும் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை என்பதால் தனித்தொகுதி என்பதைக் குறிப்பிட வேண்டும், மற்ற இடங்களில் ஊர்க்கணக்கை நம்பிச் சாதியை எழுதாமல் இருப்பது நல்லது.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்திலேயே எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று குறித்துவிடுங்கள். வரைவு முடிந்ததும் ஒரு படியை உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கொடுத்துப் பத்து நாள் அவகாசம் தருவது என் பழக்கம். உதவியாளர் ஒருவர் கோபமாகத் தொலைபேசியில் பேசுவார். பெரும்பாலும் வழக்குப் பக்கத்தைப் பற்றியே பேச்சு இருக்கும். எது தவறு என்று ஆவணத்தோடு காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டினால் நன்றி சொல்லித் திருத்துங்கள், காட்டாவிட்டால் அவர்களுடைய மறுப்பை ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தின் மேல் மூலையில் எந்த நாள் வரை உள்ள ஆவணங்கள் பார்க்கப்பட்டன என்று எழுதி, புதிய நிதியாண்டின் பணிப் பட்டியலுக்கான மனுவை ஏப்ரல் மாதத்தில் அனுப்ப வேண்டும் என்பதை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.